நிலத்தடி நீர் கண்காணிப்புக் கிணறு: அமைப்பதும் மாதிரி எடுப்பதும்

கிணறு வெட்டுபவர் வழக்கமாகக் கேட்பது எத்தனை அடியில் தண்ணீர் வரும், எவ்வளவு வரும், கோடையிலும் வற்றாமல் நிற்குமா என்பவைதான். கண்காணிப்புக் கிணறு அமைப்பவருக்கு இந்தக் கேள்விகளில் அக்கறை குறைவு. குறிப்பிட்ட ஓரிடத்தில், குறிப்பிட்ட ஓர் ஆழத்தில், மண் துகள்களுக்கு இடையே இருக்கும் தண்ணீரின் மட்டம் என்ன, அதில் என்ன கலந்திருக்கிறது என்பதே அவருக்குத் தெரிய வேண்டும். குப்பைக் கிடங்குகளின் ஓரத்திலும், எரிபொருள் தொட்டிகள் புதைக்கப்பட்ட இடங்களிலும், இரசாயனத் தொழிற்சாலை வளாகங்களிலும், சுரங்கங்களைச் சுற்றியும், கடல்நீர் உட்புகும் கரையோரங்களிலும் இத்தகைய கிணறுகள் அமைக்கப்படுகின்றன. ஆண்டுக்கு இரண்டு அல்லது நான்கு முறை திறந்து, சில லிட்டர் நீரை எடுத்துக்கொண்டு மீண்டும் பூட்டிவிடுவார்கள். அந்தச் சில லிட்டரை நம்பித்தான் ஒரு தொட்டி கசிகிறதா, அக்கம்பக்கத்தார் தங்கள் கிணற்று நீரைக் குடிக்கலாமா என்ற முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அதனால் தண்ணீர் இறைக்கும் கிணற்றைவிட இதற்குக் கவனம் பல மடங்கு கூடுதலாக வேண்டும்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர் ஒரே ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். புட்டியில் இருக்கும் இந்தத் தண்ணீர் உண்மையில் எங்கிருந்து வந்தது? குழாய், மணல், களிமண் அடைப்பு, பம்பின் வேகம், புட்டியின் மூடி என்று இனி வரும் ஒவ்வொன்றுக்கும் உள்ள விதிகள் இந்தக் கேள்விக்கு ஐயத்துக்கு இடமில்லாமல் பதில் சொல்வதற்காகவே ஏற்பட்டவை.

ஏற்கெனவே இருக்கும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஒரு புட்டி நிரப்பிக்கொண்டால் ஆகாதா என்று பலரும் கேட்பார்கள். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இறைக்கும் கிணறு பல அடுக்குகளிலிருந்து ஒரே நேரத்தில் தண்ணீரை வாங்கிக்கொள்ளும்படி அமைக்கப்படுகிறது. அதில் வரும் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாசுபட்ட மெல்லிய மணல் அடுக்கிலிருந்து வருகிறது என்றும், அந்த அடுக்கில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் பென்சீன் (பெட்ரோலில் உள்ள ஒரு நச்சுப்பொருள்) இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மற்ற அடுக்குகளின் நல்ல நீர் கலந்த பிறகு புட்டியில் தெரிவது 5 மைக்ரோகிராம். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அறிக்கை வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்லும். நிலத்துக்கடியிலோ அந்த வரம்பைப் போல ஐந்து மடங்கு மாசு நகர்ந்துகொண்டிருக்கும். இதைவிடக் கவலை தருவது, பல அடுக்குகளைத் துளைத்து நிற்கும் அந்தக் கிணறே மேலடுக்கின் மாசைக் கீழடுக்குக்கு இறக்கிவிடும் வழியாகவும் ஆகிவிடக்கூடும் என்பது.

எங்கே, எவ்வளவு ஆழத்தில்

பூமிக்கடியில் தண்ணீர் ஆறு போல ஓடுகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சுண்ணாம்புக்கல் குகைகள் போன்ற சில இடங்களைத் தவிர்த்தால், நிலத்தடி நீர் மணலின் இடுக்குகளிலும் பாறையின் வெடிப்புகளிலும் மிக மெதுவாகவே ஊர்கிறது. அந்த வேகத்தைக் கணக்கிடும் வழியை 1856-ல் வெளியிட்டவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி. டிஜோன் நகரின் குடிநீர்த் திட்டத்தில் பணியாற்றிய அவர், மணல் நிரப்பிய உருளைகளில் நீரைச் செலுத்தி இதைக் கண்டறிந்தார். மண்ணின் நீர்கடத்துத் திறனை நீர்மட்டச் சரிவால் பெருக்கி, நீர் போகக்கூடிய இடைவெளிகளின் விகிதத்தால் வகுத்தால் நீர் நகரும் வேகம் கிடைக்கும். நாளுக்கு 10 மீட்டர் கடத்துத் திறன் கொண்ட மணலில், 1000 மீட்டருக்கு 5 மீட்டர் சரிவும், நான்கில் ஒரு பங்கு இடைவெளியும் இருந்தால், நீர் நாளொன்றுக்கு 20 செ.மீ., அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 73 மீட்டர் நகரும். கசிவு தொடங்கிய இடத்திலிருந்து 150 மீட்டர் தள்ளி ஒரே ஒரு கிணறு வைத்துவிட்டு, முதல் ஆண்டிலேயே எதுவும் தென்படவில்லை என்று நிம்மதி அடைவது எவ்வளவு தவறு என்பது இந்தக் கணக்கிலிருந்து விளங்கும்.

எந்தத் திசையில் நகர்கிறது என்பதை அறியக் குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும். அவை ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக அமைய வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தை ஒரே நாளில் அளந்தால், அந்தப் பரப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். தரை சாயும் பக்கமே தண்ணீரும் போகும் என்று ஊகித்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் அது சரியாக இருந்தாலும், அருகில் எங்கோ தொடர்ந்து நீர் இறைக்கப்படும்போதும், பருவம் மாறி ஆற்று மட்டம் ஏறி இறங்கும்போதும் திசை மாறிவிடுவது உண்டு.

திசை தெரிந்த பிறகு, மாசு வரக்கூடிய இடத்துக்கு மேல்புறத்தில், அதாவது நீர் வந்து சேரும் பக்கத்தில் ஒரு கிணறாவது இருக்க வேண்டும். இடைக்கால அனுமதியில் இயங்கும் அபாயகரக் கழிவு நிலையங்களுக்கான அமெரிக்கக் கூட்டரசு விதி, மேல்புறத்தில் குறைந்தது 1 கிணறும் கீழ்ப்புறத்தில் குறைந்தது 3 கிணறுகளும் வேண்டும் என்கிறது. மேல்புறக் கிணற்றை வீண் செலவு என்று கருதுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆர்சனிக், ஃபுளோரைடு, இரும்பு, மாங்கனீசு போன்றவை பல இடங்களில் பாறையிலிருந்தே இயற்கையாகக் கரைந்து வருபவை. கீழ்ப்புறத்தில் ஆர்சனிக் கூடுதலாக இருக்கிறது என்றால், அது தொழிற்சாலை சேர்த்ததா, மண்ணிலேயே இருந்ததா என்பதை மேல்புறக் கிணறு ஒன்றுதான் சொல்ல முடியும்.

ஆழத்தை முடிவு செய்வது மாசின் இயல்பு. பெட்ரோல் தண்ணீரைவிட எடை குறைந்தது. கசிந்தால் நீர்மட்டத்தின் மேல் படலமாக மிதக்கும். ஆகவே பெட்ரோல் கசிவைத் தேடும் கிணற்றில், தண்ணீர் உள்ளே வரும் பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாக, பருவகால ஏற்ற இறக்கம் முழுவதையும் உள்ளடக்கி இருக்க வேண்டும். உலோகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் இதற்கு நேர்மாறானது. அதன் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அது நீரைத் துளைத்துக்கொண்டு இறங்கி, களிமண் அடுக்கின் முதுகில் போய்த் தேங்கும். அதைத் தேடுபவர் நீர்த்தாங்கியின், அதாவது நிலத்தடி நீரைக் கொண்டிருக்கும் மண் அல்லது பாறை அடுக்கின், அடிமட்டத்தில் தேட வேண்டும். எங்கே இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களில், அருகருகே வெவ்வேறு ஆழங்களில் இரண்டு மூன்று கிணறுகளை வைப்பார்கள்.

துளையிடுதல்

தளர்ந்த மண்ணில் ஆழம் குறைவான கிணறுகளுக்குப் பெரிதும் பயன்படுவது உள்ளே வெற்றிடம் கொண்ட திருகுத் துரப்பணம். அது திருகித் திருகி இறங்கும்போது மண் வெளிப்புறத் தகடுகளின் வழியாக மேலே ஏறிவரும். நடுவில் உள்ள வெற்றிடத்தின் வழியாகவே கிணற்றுக் குழாயை இறக்கிவிடலாம் என்பதால், துளையின் சுவர் இடிந்து விழும் தொல்லை குறைவு. தண்ணீரோ சேறோ ஊற்ற வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. பாறையில் காற்றழுத்தத்தாலும், ஆழமான தளர்ந்த மண்ணில் சேற்றுக் கரைசலாலும் துளையிடுவது உண்டு. அப்போது கம்ப்ரசரின் எண்ணெய் காற்றோடு துளைக்குள் போகிறதா, ஊற்றிய தண்ணீரில் என்ன இருந்தது என்பவற்றையெல்லாம் குறித்து வைக்க வேண்டும். ஒரு துளையை முடித்து அடுத்ததற்குப் போகுமுன் துரப்பணக் கருவிகள் அனைத்தையும் நீராவியோ அழுத்த வெந்நீரோ கொண்டு கழுவுவது கட்டாயம். முந்தைய துளையின் மண் ஒட்டிய கருவி, இல்லாத மாசை அடுத்த துளையில் கொண்டுபோய் வைத்துவிடும்.

மேலே வரும் மண்ணை அடிக்கு அடி பார்த்து, நிறம், பருமன், ஈரம், மணம் ஆகியவற்றை எழுதும் பதிவேடு, பின்னாளில் கிணற்றைவிடவும் மதிப்புள்ளதாகிவிடும் என்று சொன்னால் அது மிகையாகாது. தண்ணீர் உள்ளே வருவதற்காகக் கீறல் வெட்டிய குழாயை எந்த அடுக்கில் நிறுத்துவது என்பதை முடிவு செய்வது அந்தப் பதிவேடுதான். மேலடுக்கு மாசுபட்டிருக்கக்கூடும் என்ற ஐயம் இருக்கும்போது, கீழே உள்ள களிமண் அடுக்கை யோசிக்காமல் துளைத்துவிடக் கூடாது. களிமண்ணுக்குள் சிறிது தூரம் வரை அகலமான வெளிக்குழாயை இறக்கி, அதைச் சுற்றிச் சிமென்ட் கரைசலால் அடைத்து, அது இறுகிய பின்னரே அதனுள்ளிருந்து சிறிய துளையாகத் தொடர்வார்கள்.

குழாய், மணல், களிமண்

பொதுவாக 50 மி.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாய் பயன்படுகிறது. கீழ்ப்பகுதியில் மெல்லிய கீறல்கள் வெட்டிய குழாய். தொழிலில் இதை ஸ்லாட்டட் பைப் என்றும் ஃபில்டர் பைப் என்றும் சொல்வார்கள். அதற்கு மேலே தரை வரை கீறல் இல்லாத குழாய். கீறல் பகுதியின் நீளம் பெரும்பாலும் 1.5 மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரைதான். நீளம் கூடக்கூட நாம் முன்னே பார்த்த கலப்படக் கணக்கு திரும்பி வந்துவிடும். குழாய்களை மரையால் திருகி இணைக்க வேண்டும். வீட்டுக் குழாய்களுக்குத் தடவும் பி.வி.சி. பசையைத் தொடவே கூடாது. அந்தப் பசையில் டெட்ராஹைட்ரோஃபியூரான், மெத்தில் எத்தில் கீட்டோன் போன்ற கரைப்பான்கள் உள்ளன. அவை தண்ணீரில் கரைந்து வந்தால், ஆய்வகம் அவற்றை உண்மையாகவே கண்டுபிடித்து அறிக்கையில் எழுதிவிடும்.

துளையின் விட்டம் 200 மி.மீ., குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 60 மி.மீ. என்றால், குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் சுமார் 70 மி.மீ. இடைவெளி இருக்கும். இந்த இடைவெளியை எதனால், எந்த வரிசையில் நிரப்புகிறோம் என்பதில்தான் கிணற்றின் தரம் அடங்கியிருக்கிறது. கீறல் பகுதியைச் சுற்றிக் கழுவிய, ஒரே சீரான பருமனுள்ள குவார்ட்ஸ் மணலை நிரப்ப வேண்டும். இயற்கை மண்ணின் நுண்துகளை இந்த மணல் தடுக்கும். இந்த மணலில் 90 விழுக்காட்டையாவது தடுக்கும் அளவுக்குக் கீறல்கள் குறுகலாக இருக்க வேண்டும். மணல், கீறல் பகுதியின் உச்சிக்கு மேல் சுமார் 60 செ.மீ. வரை ஏற வேண்டும்.

மணல் நிரப்பும் அந்த அரை மணி நேரம் பொறுமையைச் சோதிக்கும் நேரம். மூட்டையை அப்படியே கவிழ்த்தால், மணல் வழியிலேயே குழாய்க்கும் சுவருக்கும் இடையே சிக்கிப் பாலம் போட்டுக்கொள்ளும். அதன் கீழே வெற்றிடம் நிற்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நுனியில் எடை கட்டிய அளவு நாடாவை இடைவெளிக்குள் விட்டு, மணல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன அளவுகளில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 29 லிட்டர் மணல் பிடிக்கும். 3.6 மீட்டர் நிரப்ப 100 லிட்டருக்குச் சற்று மேல் தேவை. 60 லிட்டர் போட்டதுமே நாடா நிரம்பிவிட்டதாகக் காட்டினால், எங்கோ பாலம் விழுந்திருக்கிறது அல்லது சுவர் சரிந்திருக்கிறது என்று பொருள். உடனே நிறுத்திச் சரிசெய்தால் சிறு வேலை. அப்படியே மூடிவிட்டால் அந்தக் கிணற்றின் பேச்சை என்றைக்கும் நம்ப முடியாது.

மணலுக்கு மேல் பென்டோனைட் அடைப்பு. பென்டோனைட் என்பது தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதிப் பெருகும் ஒரு வகைக் களிமண். உருண்டைகளாகவோ சில்லுகளாகவோ கிடைக்கும் இதை 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் தடிமனுக்கு இட்டு, நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் நல்ல தண்ணீர் ஊற்றி, ஊறிப் பெருகக் காத்திருக்க வேண்டும். மழைநீரும் மேலடுக்கு நீரும் குழாயை ஒட்டிக் கீழே வழிந்து மணலைச் சேராமல் காப்பது இந்த வளையம்தான். இதற்கு மேலே தரை வரை, சிறிதளவு பென்டோனைட் கலந்த சிமென்ட் கரைசலை, இடைவெளியின் அடிவரை இறக்கிய சிறு குழாய் வழியாகக் கீழிருந்து மேலாக ஏற்றுவார்கள். இந்தக் கிரவுட் மணலுக்குள் இறங்கிவிட்டால் கிணற்று நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 10, 11 என்று ஏறி நிற்கும். இயற்கை நிலத்தடி நீரில் அப்படிப்பட்ட பி.எச். மிக அரிது என்பதால், அந்த எண்ணைக் கண்டதும் முதலில் ஐயுற வேண்டியது கிணற்றின் அமைப்பையே.

தரைக்கு மேலே பூட்டுடன் கூடிய இரும்புக் காப்புக் குழாயும், நீர் வெளிப்புறமாக வழியும்படி சாய்வாகப் போட்ட கான்கிரீட் மேடையும் இருக்க வேண்டும். வாகனம் போகும் இடமானால் தரையோடு தரையாக இரும்பு மூடி. குழாயின் விளிம்பில் ஒரு புள்ளியில் அடையாளம் வெட்டி, அந்தப் புள்ளியின் உயரத்தைச் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் நில அளவை செய்து பதிவு செய்ய வேண்டும். இனி எல்லா நீர்மட்ட அளவுகளும் அந்தப் புள்ளியிலிருந்தே தொடங்கும்.

கிணற்றைத் தெளிவித்தல்

துளையிடும்போது சுவரில் பூசிக்கொண்ட களியும் நுண்துகளும் வெளியேறினால்தான் நீர்த்தாங்கியின் தண்ணீர் தடையின்றி உள்ளே வரும். கிரவுட் இறுக ஒரு நாளாவது விட்டுவிட்டு, குழாய்க்குள் பொருந்தும் உந்துதட்டை மேலும் கீழுமாக இயக்கி, நீரைக் கீறல்களின் வழியே உள்ளும் புறமும் அலையச் செய்து, கலங்கிய நீரைப் பம்பால் வெளியேற்றுவார்கள். முதலில் தேநீர் நிறத்தில் வரும் தண்ணீர் மெல்ல மெல்லத் தெளியும். கண்ணுக்குத் தெளிந்தது போதாது. கலங்கல் மானியில் 10 அலகுக்குக் கீழே வந்தால் நல்லது. அதற்குப் பிறகும் உடனே மாதிரி எடுக்காமல், நிலம் தன் பழைய நிலைக்குத் திரும்ப ஓரிரு வாரம் விட்டுவிடுவது நல்ல பழக்கம்.

நீர்மட்டம்

மாதிரி எடுக்கும் நாளில் பம்பைத் தொடுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை நீர்மட்டத்தை அளப்பது. நுனியில் மின்முனை பொருத்திய அளவு நாடாவை மெதுவாக இறக்கினால், தண்ணீரைத் தொட்டதும் ஒலி எழுப்பும். இரண்டு முறை அளந்து, இரண்டும் சில மில்லிமீட்டருக்குள் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். காற்றுப்புகாத மூடி போட்ட கிணற்றில், திறந்தவுடன் மட்டம் மெல்ல நகர்வது உண்டு. அது நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு வளாகத்தின் எல்லாக் கிணறுகளையும் இயன்றவரை ஒரே நாளில் அளந்துவிட வேண்டும். இரண்டு நாள் இடைவெளியில் மழை பெய்துவிட்டால், கணக்கிட்ட சரிவும் திசையும் வெறும் தோற்றமாகிவிடும்.

மாதிரி எடுத்தல்

குழாய்க்குள் மாதக் கணக்கில் நின்ற தண்ணீர் காற்றோடு பேசிக்கொண்டிருந்த தண்ணீர். அதிலிருந்த ஆவியாகும் பொருள்கள் பறந்திருக்கும், ஆக்சிஜன் கரைந்திருக்கும், இரும்பு படிந்திருக்கும். நமக்கு வேண்டியது அதற்கு வெளியே, மண்ணுக்குள் இருக்கும் நீர். பழைய முறையில், குழாயில் நிற்கும் நீரின் கொள்ளளவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு இறைத்து ஊற்றிவிட்டுப் பின்னர் மாதிரி எடுப்பார்கள். 50 மி.மீ. குழாயில் 6 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ 12 லிட்டர். மூன்று மடங்கு என்பது 35 லிட்டருக்கு மேல். இந்த முறை எளிது என்றாலும், வேகமாக இறைக்கும்போது கிணற்றைச் சுற்றியுள்ள நுண்துகள்கள் கிளம்பிவிடும். ஊறல் குறைந்த கிணறு வற்றியே போய்விடும். மாசுபட்ட நீராக இருந்தால், இறைத்த 35 லிட்டரையும் தரையில் கொட்டிவிட முடியாது. கலனில் சேர்த்து வைத்து முறைப்படி அகற்ற வேண்டும்.

1990-களில் பரவலான மெதுவிறைப்பு முறையே இன்று எனக்குச் சரியாகப் படுகிறது. பம்பின் உறிஞ்சும் வாயைக் கீறல் பகுதியின் நடுவே நிறுத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் வரை மட்டும் இறைக்க வேண்டும். நீர்மட்டம் 10 செ.மீ.க்கு மேல் தாழாதபடி வேகத்தைக் கட்டுப்படுத்தினால், வருவது மேலே நின்ற பழைய நீராக இல்லாமல் கீறல் வழியாகப் புதிதாக நுழையும் நீராக இருக்கும். வெளிவரும் நீரைக் காற்றுப் படாத சிறு கலத்தின் வழியே செலுத்தி, பி.எச்., மின்கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல் முதலியவற்றை 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை குறிக்க வேண்டும். அடுத்தடுத்த மூன்று அளவுகளில் பி.எச். 0.1-க்குள்ளும், மின்கடத்துத்திறன் 3 விழுக்காட்டுக்குள்ளும், ஆக்சிஜனும் கலங்கலும் 10 விழுக்காட்டுக்குள்ளும் நின்றால், நிலத்தின் நீர் வரத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். சில கிணறுகளில் இதற்கு இருபது நிமிடம் போதும். சிலவற்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்படுபவருக்கு ஏற்ற வேலை இது இல்லை.

எந்தப் பம்பு என்பதும் முக்கியம். தரையில் இருந்து உறிஞ்சும் பெரிஸ்டால்டிக் பம்பு கையாள எளிது. ஆனால் காற்றழுத்தத்தின் வரம்பால் ஏறத்தாழ 8 மீட்டருக்குக் கீழே இருக்கும் நீரை அதனால் தூக்க முடியாது. உறிஞ்சும்போது ஆவியாகும் பொருள்கள் சிறிது இழக்கப்படவும் கூடும். காற்றழுத்தத்தால் பையைப் பிதுக்கி நீரை மேலே தள்ளும் பிளாடர் பம்பு இந்தக் குறைகள் அற்றது. கயிற்றில் கட்டி இறக்கும் பெய்லர் எனப்படும் குழல்வாளி மலிவானது. ஆனால் ஒவ்வொரு முறை விழும்போதும் கிணற்றைக் கலக்கிவிடும் என்பதால், வேறு வழியில்லாதபோது மட்டும் அதை நாடுவது நல்லது.

ஒரு வளாகத்தில் மாசு குறைந்த கிணற்றில் தொடங்கி, மாசு மிகுந்த கிணற்றில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கும் புதிய கையுறை. மின்னாக்கி ஓடினால் அது காற்று வீசிச்செல்லும் பக்கத்தில், கிணற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். அதன் புகையில் உள்ள பென்சீன் புட்டிக்குள் சிறிது நுழைந்தாலும் அதைக் கண்டுபிடித்துவிடும் அளவுக்கு இன்றைய ஆய்வுக் கருவிகள் நுட்பமானவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்பது நூறு கோடியில் ஒரு பங்கு.

முதலில் நிரப்ப வேண்டியவை ஆவியாகும் கரிமப் பொருள்களுக்கான 40 மி.லி. கண்ணாடிக் குப்பிகள். அவற்றில் பாதுகாப்புக்காகச் சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் முன்கூட்டியே இருக்கும். ஆகவே வழியவிட்டு நிரப்பி அமிலத்தை இழந்துவிடக் கூடாது. குப்பியைச் சாய்த்துப் பிடித்து, நீரைச் சுவரோரமாக நுரையில்லாமல் இழையவிட்டு, விளிம்புக்கு மேல் நீர் குமிழாக எழுந்து நிற்கும் அந்த நொடியில் நிறுத்தி, மூடியை வழுக்கிப் பொருத்தித் திருக வேண்டும். பிறகு தலைகீழாகத் திருப்பி, உள்ளங்கையில் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு காற்றுக்குமிழ் மேலே ஏறினால் அந்த மாதிரி பயன்படாது; புதிய குப்பியில் மறுபடியும் தொடங்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பொருள்கள் நீரிலிருந்து குமிழுக்குள் போய்விடும், ஆய்வகத்தில் மூடியைத் திறந்ததும் பறந்துவிடும்.

உலோகங்களுக்கான மாதிரியில் வேறு வகைச் சிக்கல். நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பி.எச்.-ஐ 2-க்குக் கீழே கொண்டுவருவது வழக்கம். தண்ணீரில் களித் துகள்கள் மிதந்துகொண்டிருந்தால், அமிலம் அத்துகள்களில் ஒட்டியிருக்கும் உலோகத்தையும் கரைத்துவிடும். நீரில் இல்லாத ஈயமும் குரோமியமும் அறிக்கையில் வந்துவிடும். கரைந்த உலோகம் மட்டும் வேண்டுமென்றால், 0.45 மைக்ரான் வடிகட்டியால் களத்திலேயே வடிகட்டிய பின் அமிலம் சேர்க்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாமதித்தால் எதிர்ப்பக்கத் தவறு நேரும். ஆக்சிஜன் இல்லாத நிலத்தடி நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் இரும்பு, காற்றுப்பட்டதும் துரு நிறத்தில் படிந்து, அதோடு ஆர்சனிக்கையும் இழுத்துக்கொண்டு புட்டியின் அடியில் தங்கிவிடும். அதன்பின் வடிகட்டினால் ஆர்சனிக் குறைவாகவே தெரியும். பளிங்கு போல வந்த தண்ணீர் சிறிது நேரத்தில் மஞ்சளாகி, பின் செம்பழுப்பாக மாறுவதை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் இந்த விதியை மறக்க மாட்டார்கள்.

நிரப்பிய புட்டிகளில் கிணற்றின் எண், நாள், நேரம், எடுத்தவர் பெயர், வேண்டிய சோதனை ஆகியவற்றை அப்போதே எழுதி, பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு உண்டு. அமிலம் சேர்த்த ஆவியாகும் பொருள் மாதிரிகளுக்கு 14 நாள்; பதப்படுத்தாத நைட்ரேட் மாதிரிக்கு 48 மணி நேரம்; பாதரசத்துக்கு 28 நாள்; பெரும்பாலான மற்ற உலோகங்களுக்கு ஆறு மாதம். பெட்டி யாரிடமிருந்து யார் கைக்கு, எந்த நேரத்தில் மாறியது என்பதைக் கையொப்பத்துடன் பதிவு செய்யும் படிவமும் கூடவே போக வேண்டும். வழக்கு மன்றம் வரை போகும் பிரச்சினைகளில், புட்டியில் என்ன இருந்தது என்பதற்கு இணையாக, அது இடையில் யார் கையில் இருந்தது என்பதும் கேட்கப்படும்.

எண்கள் வந்த பிறகு

ஆய்வகம் தரும் எண்ணை எடைபோட உதவுபவை வெற்று மாதிரிகளும் இரட்டை மாதிரிகளும். ஆய்வகத்திலேயே தூய நீர் நிரப்பி, களத்துக்குப் போய்த் திறக்கப்படாமல் திரும்பி வரும் குப்பி ஒன்று. கழுவிய கருவிக்குள் தூய நீரை ஊற்றிப் பிடித்த புட்டி ஒன்று. இவற்றில் பென்சீன் தென்பட்டால், கிணற்று மாதிரியில் தெரிந்த பென்சீனும் வழியிலோ கருவியிலோ ஒட்டியதாக இருக்கலாம். ஒரே கிணற்றில் அடுத்தடுத்து நிரப்பி, வேறு பெயரிட்டு அனுப்பும் இரட்டை மாதிரி, நம் கையின் நிதானத்தையும் ஆய்வகத்தின் நிதானத்தையும் ஒருங்கே காட்டும். பத்து அல்லது இருபது மாதிரிகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இதை எடுப்பது வழக்கம். செலவைக் குறைக்க வேண்டுமென்றதும் பலர் முதலில் கைவைப்பது இவற்றில்தான். நான் அதற்கு உடன்பட மாட்டேன். இரண்டு கிணறுகளைக் குறைத்துக்கொண்டாலும் வெற்று மாதிரிகளைக் குறைக்கக் கூடாது.

ஒரே ஒரு முறை வந்த உயர்ந்த எண்ணைக் கொண்டு முடிவுக்கு வருவதும், அதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவதும் தவறு. களக் குறிப்பேட்டைத் திறந்து, அன்றைக்குக் கலங்கல் எவ்வளவு, பி.எச். எவ்வளவு, நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்தது, பூட்டு சரியாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு மறுமாதிரி எடுக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் ஒரே முறையில், ஒரே ஆழத்தில், ஒரே வேகத்தில் எடுத்த மாதிரிகளின் வரிசை நீளும்போதுதான் ஏற்றமா, இறக்கமா, பருவ மாற்றமா என்பது புலப்படும்.

வேலை முடிந்த கிணற்றைப் பூட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது. வருடங்கள் கழித்து மூடி உடையும், மேடை வெடிக்கும், மேற்பரப்பின் கழிவுநீர் நேராக நீர்த்தாங்கிக்குள் இறங்க ஒரு குழாய் திறந்து கிடக்கும். கூடுமானால் குழாயை உருவி எடுத்தும், முடியாதபோது அப்படியே விட்டும், அடியிலிருந்து தரை வரை சிமென்ட், பென்டோனைட் கலவையால் முழுவதுமாக நிரப்பி, எந்த இடத்தில், எந்த நாளில், எவ்வளவு கலவை போனது என்பதைத் துளையிட்ட நாளின் பதிவேட்டோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும்.